வரைபடத்தில் ஏறிய அவுகபள்ளம்

1. ஸ்டாஃப் பிடித்த முதல் நாள்

வேலைக்குப் போன முதல் நாள் காலையில் பேராசிரியர் சார் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “செல்லம்மா, நீங்க ஸ்டாஃப் பிடிக்கணும்.”

எனக்குத் தெரிந்த ஸ்டாஃப் எல்லாம் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப், ஆஸ்பத்திரி ஸ்டாஃப். ஜீப்பில் வந்து இறங்கியவர்களில் மூன்று பேர் ஸ்டாஃப் மாதிரி இருந்தார்கள். இவர்களில் யாரைப் பிடிப்பது, விட்டால் ஓடிவிடுவார்களா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம். ஓடைச் சரிவு வழுக்குமே, கைபிடித்து இறக்கிவிடச் சொல்கிறார் போல என்று நினைத்து, பக்கத்தில் நின்ற நஸ்ரினின் கையைப் பிடித்துக்கொண்டேன். நஸ்ரின் கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருப்பவரின் மகள். லேப்டாப்பில் மேப் போடும் வேலை. அந்தப் பிள்ளைக்கும் என்னைப் போலப் புது வேலை. எதற்கு என்று கேட்காமல் கையைக் கொடுத்துவிட்டு நின்றது.

சார் திரும்பிப் பார்த்தார். “என்ன, ரெண்டு பேரும் சாமி கும்பிடப் போறீங்களா?” என்றார்.

ஸ்டாஃப் என்பது ஓர் அலுமினியக் கோல். இழுக்க இழுக்க நீளும். மேலே கறுப்பும் சிவப்புமாக சென்டிமீட்டர் கோடு. சார் ட்ரைபாடில் லெவல் என்கிற கருவியை வைத்துத் தூரத்திலிருந்து அந்தக் கோட்டைப் படிப்பார். நான் இந்தக் கரையிலிருந்து ஓடையில் இறங்கி, அந்தக் கரை ஏறும் வரைக்கும் நாலு எட்டுக்கு ஒரு தரம் கோலை நட்டுக்கொண்டு போக வேண்டும். இதற்கு கிராஸ் செக்ஷன் என்று பெயர். ஓடை எவ்வளவு ஆழம், கரை எவ்வளவு உயரம், எவ்வளவு தண்ணீர் வந்தால் கரை தாண்டும் என்று அதிலிருந்து கணக்குப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு விருந்தாள் வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வராத ஆள் நான். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கோலைத்தான் பார்ப்பார்கள். நாள் முழுக்க நின்றாலும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த வயதில் இப்படி ஒரு உத்தியோகம் அமையும் என்று யார் கண்டது?

மூன்று மழைக்காலம் ஸ்டாஃப் பிடித்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு வேலையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நஸ்ரின் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தது. வேலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் செய்த தப்பைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

2. கிணற்றில் தெரிந்த உருண்டைக் கல்

சார் வெகுகாலம் கடற்கரையில் இதே வேலை பார்த்தவர். கடல் எவ்வளவு தூரம் ஏறும், எந்தக் குப்பத்தை எங்கே தள்ளிக் கட்ட வேண்டும் என்று மேப் போட்டவர். மலைக்கு வந்த பிறகும் பேச்செல்லாம் கடல்தான். பத்தடி ஏறியதும் மூச்சு வாங்க நின்றுகொண்டு, “கடற்கரையில இந்தத் தொந்தரவு இல்ல பாருங்க” என்பார்.

ஆனால் மண்ணைப் பார்த்ததும் ஆள் மாறிவிடுவார். எங்கள் ஊரான பள்ளங்கிக்குக் கீழே ஓடை ஒரு திருப்பம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் விசிறி மாதிரி விரிந்த ஒரு சமதரை. அதில் பதினொரு வீடுகள். மலையில் சமதரை கிடைப்பது அபூர்வம் என்பதால் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அங்கே பாண்டியம்மாள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்த சார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிணற்றுச் சுவரில் மேலே மண். அதற்குக் கீழே உருண்டைக் கல் ஒரு வரிசை. பிறகு மண். மறுபடி உருண்டைக் கல். மறுபடி மண், மறுபடி கல்.

“கல்லு தானா உருண்டை ஆகாதும்மா. தண்ணிதான் உருட்டணும். மூணு தரம் ஓடை இந்த எடத்து மேலயே வந்து போயிருக்கு” என்றார் சார். “இது வீட்டு மனை இல்ல. ஓடை படுக்குற பாய்.”

பாண்டியம்மாளுக்கு என் வயதுதான். வாய் மட்டும் என்னைப் போல நாலு மடங்கு.

“எங்க மாமனார் காலத்துல இருந்து இருக்கோம். ஒரு தரங்கூட ஓடை எங்க வீட்டுக்கு வந்து படுக்கல சார்” என்றாள்.

“வெள்ளம் வந்தா என்ன செய்வீங்க?”

“வெள்ளனே வந்தீகன்னா காப்பி குடிச்சிட்டுப் போங்க. நேரங்கழிச்சு வந்தா சோறு.”

வெள்ளனே என்றால் எங்கள் பக்கம் விடியற்காலை. சார் வெள்ளத்தைக் கேட்க, அவள் விடியலுக்குப் பதில் சொல்கிறாள். நஸ்ரின் டேப்லெட்டில் ‘வெள்ள காலத்தில்: காப்பி’ என்று அடித்துவிட்டு அழித்ததை நான் பார்த்தேன்.

பிறகு சார் விளக்கமாகச் சொன்னார். மேட்டில் மழைமானி வைக்கிறோம், மழை அளவு மீறினால் வி.ஏ.ஓ.வுக்குச் செய்தி வரும், உங்கள் இடத்தின் பெயரைச் சொல்லி மைக்கில் அறிவிப்பார்கள், உடனே கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

“பேரச் சொல்லிக் கூப்புட்டா வாரோம் சார். நாங்க என்ன மாட்டேன்னா சொல்லப்போறோம்?” என்றாள் பாண்டியம்மாள்.

3. பெயர் லேயர்

மேப் என்றால் ஒரே படம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. லேயர் லேயராக, தோசை அடுக்கின மாதிரி இருக்கும். சரிவுக்கு ஒரு லேயர், மண்ணுக்கு ஒன்று, ஓடைக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் எங்கே ஆபத்து என்று சிவப்பாகத் தெரியும். கடைசியில் பெயர் லேயர். அதற்குத்தான் என்னை உட்காரவைத்தார்கள். எங்கள் பக்கத்து மேடு பள்ளத்துக்கு எல்லாம் எனக்குப் பெயர் தெரியும்.

“இது என்ன எடம் அக்கா?” என்று நஸ்ரின் விரலை வைக்கும். நான் சொல்லுவேன். குதிரைமேடு. ஊத்தடி. நரிப்பாறை. அது கடகடவென்று அடித்துக்கொண்டே போகும். ஓடைத் திருப்பத்துச் சமதரைக்கு விரல் வந்தது.

“இது?”

நான் சிரித்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மலைத்தொடரின் பெயரை எழுதி, அதன் பின்னால் ஆண்டி என்று சேர்த்தால் என் வீட்டுக்காரர் பெயர் வரும். அந்தச் சமதரைக்கும் அதே பெயர்தான், பின்னால் ஒரு பள்ளம். எந்தக் காலத்திலோ அங்கே ஆடு மேய்த்த ஒருவரின் பெயர். எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தாலும் பெயர் பெயர்தானே. எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். நான் மலையின் பெயரையே சொல்வதில்லை. கீழே கோயிலுக்குப் போக பஸ் ஏறினால் ‘அடிவாரம் ஒண்ணு’ என்றுதான் டிக்கெட் கேட்பேன். கண்டக்டருக்கு அது பழகிப்போயிற்று.

“சொல்லுங்கக்கா. இது என்ன பள்ளம்?”

“அவுக பள்ளம்” என்றேன்.

அவுக என்றால் அவர்கள். நாங்கள் அப்படிச் சொன்னால் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறோம் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நஸ்ரின் கொடைக்கானலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. எழுத்துக்கூட்டி அடித்தது: அவுகபள்ளம்.

“நல்லா இருக்கு சார் இந்தப் பேரு. வெள்ளகவின்னு ஒரு ஊரு இருக்குல்ல, அது மாதிரி பழைய பேரு போல.”

சார் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அவுகபள்ளம். அவுக், அமுங்கு. மண்ணு அமுங்குற பள்ளம்! நாம கிணத்துல எட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சத ஜனங்க அந்தக் காலத்துலயே பேரா வச்சிருக்காங்க. அப்படித்தானேம்மா?”

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. ஒரு பக்கம் வெட்கம். இல்லை என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் பெயரைச் சொல்ல வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார், அதைக் கெடுப்பானேன் என்றும் இருந்தது.

தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவருடைய அறிக்கையில் அரைப்பக்கம் அவுகபள்ளத்துக்கே போயிற்று. வரைபடத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் அந்தப் பெயர். பெரிய தாளில் அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். ஊர்க்காரர்களைக் கூட்டி அதைக் காட்டுவதற்குள் மழை முந்திக்கொண்டது. சுவரைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நஸ்ரின் தனியாக இருக்கும்போது காதில் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். தள்ளிக்கொண்டே போனேன்.

4. டெரஸ், ஃபேன், ஆறுபடை வீடு

அந்த ஐப்பசியில் காலையிலிருந்து மழை விடவில்லை. வெளிவேலை கிடையாது. நான் கொடைக்கானல் அலுவலகத்தில் ஸ்டாஃப்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம், ஓடை பிறக்கிற மேட்டு மழைமானி சிவப்புக்குப் போய்விட்டது. வி.ஏ.ஓ.வுக்குச் செய்தி போயிற்று: அவுகபள்ளத்தில் உள்ளவர்கள் உடனே வெளியேற வேண்டும்.

துடைத்துக்கொண்டிருந்த ஸ்டாஃபைக் கீழே வைத்தேன். ஆனாலும் போய்ச் சேர்ந்திருக்கும், வி.ஏ.ஓ. விவரம் தெரிந்தவராக இருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த மனிதர் வேறு ஊரிலிருந்து மாறி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அரை மணி நேரத்தில் போன் வந்தது. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், அவுகபள்ளம்னு இங்க ஒரு எடமே இல்ல சார். மைக்ல நாலு தரம் சொல்லியாச்சு. ஒருத்தரும் அசையல. உள்ளூர் ஆளு ஒருத்தரக் கூட்டிக்கிட்டுத் தேடுறேன். அவருக்கும் தெரியல.”

சார் வரைபடத்தருகே ஓடினார். “ஓடைக்கு இடது கரை. கீழ் டெரஸ்ல பதினொரு வீடு.”

“டெரஸ் வீடு ஒண்ணும் இல்ல சார். எல்லாம் தகரம், ஓடு.”

“அந்த டெரஸ் இல்ல. ஃபேன் சார், ஃபேன் மேல இருக்குற வீடுக.”

“கரண்டே இல்ல சார். ஃபேன் எங்க ஓடும்?” சாருக்கு டெரஸ் என்றால் ஓடைக்கரைப் படி, ஃபேன் என்றால் விசிறியாய் விரிந்த தரை.

நஸ்ரின் லொகேஷன் அனுப்பிப் பார்த்தது. மழைக்கு நெட் செத்துக் கிடந்தது. பேச்சு மட்டும்தான் விட்டுவிட்டுக் கேட்டது.

“பாண்டியம்மா இருக்குற எடம்னு சொல்லுங்க சார்” என்று நான் நஸ்ரின் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

வி.ஏ.ஓ.வுக்கு அது கேட்டுவிட்டது. “பாண்டியம்மாவா? அவுக இங்க பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்காக. அவுகபள்ளத்துச் சனம் வந்தாப் பசியோட வரும்னு பொம்பளைகளச் சேத்துக்கிட்டு அண்டா வச்சு சோறு வடிக்கிறாக. அவுகள விடுங்க, அவுகபள்ளத்தச் சொல்லுங்க.”

பின்னால் பாண்டியம்மாளின் குரல் கேட்டது. “பாவம், எந்த ஊரு சனமோ. பச்சப்புள்ளைக இருக்கும். வெரசாக் கூட்டியாங்கய்யா.”

அவள் வீட்டில் அவளுடைய மகளும் பேத்திகளும் இருந்தார்கள். மற்றப் பத்து வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். “அவங்க வீடு இருக்குற எடந்தான் சார் அது” என்று சார் கத்தினார், லைன் கரகரத்ததில் அந்தப் பக்கம் கேட்கவில்லை.

சார் என்னைப் பார்த்தார். நஸ்ரினும் பார்த்தது. இத்தனை நாளாகக் கோலைப் பார்த்த கண்கள் எல்லாம் இப்போது என் முகத்தைப் பார்த்தன.

“நீங்க சொன்ன பேருதானம்மா இது?”

“அது பேரு இல்ல சார்” என்றேன். “அவுக பேரு.”

“எவுக?”

“எங்க வீட்ல அவுக.”

நஸ்ரினுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கையை வைத்துக்கொண்டது. “அக்கா, அண்ணன் பேரா? அண்ணன் பேரு எனக்குத் தெரியாதே. சொல்லுங்கக்கா.”

“முருகன் பேரு” என்றேன்.

“முருகபள்ளமா?” என்றார் சார்.

“இல்ல சார். முருகன் இருக்குற ஊரு.”

“திருச்செந்தூரா?” சாருக்குக் கடற்கரை போதும், வேறு எதுவும் ஞாபகத்துக்கு வராது.

“நாம இருக்கோமே, இந்த மலைதான். அதோட ஆண்டி.”

“கொடைக்கானல் ஆண்டியா?” என்றது நஸ்ரின்.

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நஸ்ரின் ஒரு தாளைத் தள்ளி, “எழுதிக் காட்டுங்க” என்றது. பேனாவை வாங்கி ‘ப’ எழுதினேன். அடுத்த எழுத்துக்குக் கை போகும்போது போனில் இன்னொரு குரல் கேட்டது. ஓடையைப் பார்த்துவிட்டு ஓடி வந்த, வி.ஏ.ஓ. கூட்டிக்கொண்டு திரிந்த உள்ளூர் ஆள்.

“தண்ணி நெறம் மாறிருச்சு சார். செக்கச் செவேல்னு வருது. உள்ள கல்லு உருளுற சத்தம் கேக்குது.”

அது என் வீட்டுக்காரர் குரல்.

கல் உருளும் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்று சார் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் மட்டும் வந்தால் ஏறி நிற்க நேரம் இருக்கும். கல் வந்தால் நேரம் இல்லை.

“பழனியாண்டி” என்று கத்தினேன்.

சார் போனை என் பக்கம் நகர்த்தினார்.

“என்னா?” என்றார் என் வீட்டுக்காரர்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தரம்கூடக் கூப்பிடாதவள் கூப்பிட்டிருக்கிறேன், அவர் பாட்டுக்கு என்னா என்கிறார்.

“ஒங்களக் கூப்புடல. பழனியாண்டி பள்ளம். அந்தப் பள்ளத்து ஆளுகளக் கெளப்புங்க. அங்கதான் வருது.”

“அட கிறுக்கச்சி, அது நம்ம பாண்டியம்மா பள்ளம்ல” என்றார். பிறகு செருப்பு உதறும் சத்தம், ஓடும் சத்தம், லைன் போய்விட்டது.

சாரும் நஸ்ரினும் நானும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாளில் ‘ப’ மட்டும் இருந்தது. அந்த நேரத்தை நான் நினைக்க விரும்புவதில்லை. பேத்திகளில் சின்னது போன வாரம் என் கோலைப் பிடித்துத் தொங்கியதுதான் கண்ணில் நின்றது. அன்றைக்கு ஆட்டிய தலையை யாராவது வெட்டிப் போட்டால் தேவலாம் என்றிருந்தது.

போன் வந்தபோது பேசியது பாண்டியம்மாள்.

“ஏய் செல்லம்மா, எல்லாரும் வந்தாச்சு. மாட்டுக் கொட்டகைய அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு, மாட்ட முன்னாலயே அவுத்துட்டாக. எங்க பின்சொவரு போச்சு. கெணறு கல்லால மூடிக் கெடக்கு. ஒன் வீட்டுக்காரரு ரெண்டு புள்ளைகளயும் ரெண்டு கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தாரு, வாழைத்தார் மாதிரி.”

நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் விடவில்லை.

“நீ மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதாடி? எந்த ஊரு சனமோன்னு ரேஷன் அரிசிய வடிச்சு வச்சேன். எங்களுக்குத்தான்னு தெரிஞ்சிருந்தா நல்ல அரிசியப் போட்டிருப்பேன்ல.”

5. மறுபடி அச்சடித்த மேப்

சார் என்னைத் திட்டுவார் என்று இரண்டு நாள் அலுவலகத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்க நின்றுவிட்டுச் சொன்னார்: “உங்க மேல பாதித் தப்பு. என் மேல பாதி. ஒருத்தர் தலையாட்டுனத நம்பி அரைப்பக்கம் எழுதுனேன்ல.”

“அமுங்குற பள்ளம்” என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“அத மறந்துருங்கம்மா” என்றார்.

வீட்டுக்காரர் மறக்க விடவில்லை. டீக்கடையில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். “எம் பொஞ்சாதி ஒரு தரம் எம் பேரச் சொன்னதுக்கே பதினொரு வீடு காலியாயிருச்சு. ரெண்டாந்தரம் சொன்னா மலையே காலி.” வீட்டில், “இன்னொரு வாட்டி கூப்புடேன், மழைதான் இல்லையே” என்று கேட்டுப் பார்த்தார். அவசரத்துக்குச் சொன்னது அவசரத்தோடு போயிற்று என்று சொல்லிவிட்டேன்.

மேப்பைத் திருத்தி மறுபடி அச்சடித்தார்கள். நஸ்ரின் பெயர் லேயரில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தது. பெயர் சொன்னவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர், இரண்டு பேரும் ஒரே வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. அதை நிரப்பாவிட்டால் அடுத்த இடத்துக்கு டேப்லெட் நகராது. பழைய பெயர்களையும் இதே மாதிரி சரிபார்த்தோம். பூம்பாறைப் பக்கம் வெள்ளைப்பூண்டு வயலில் நின்ற ஒரு பெண் போன வருஷம் சொல்லியிருந்த ‘எங்க மாமனார் ஓடை’யும் அப்போதுதான் பிடிபட்டது. மாமனாருக்குப் பெயர் உண்டு, அதையும் அந்தப் பெண் சொல்லவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விளங்காததற்குத் தலையாட்டாதீர்கள். அடுத்தவர் சந்தோஷம் கெடும் என்று ஆட்டவே ஆட்டாதீர்கள். பெயர் கேட்கும் இடத்தில் ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டு குனிந்தால், அவள் சொன்னது எதுவானாலும் கட்டத்தில் அடிக்காமல் அடுத்த வீட்டில் போய்க் கேளுங்கள். அங்கேயும் சிரித்தார்கள் என்றால் அந்த ஊரில் அந்தப் பெயருக்கு நிறையப் புருஷன்மார் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கல்யாணம் ஆகாத ஆளாகப் பார்த்து மூன்றாம் தரம் கேளுங்கள்.